இறந்த நிரலின் ஏடு

இலக்கியம் பேசுகிற இடத்தில் கணினியின் உள்விவகாரம் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டும். தமிழ் முதுகலை படித்து, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக் காலம் கழிப்பவர்களுக்கு யூனிக்ஸ் இயங்குதளத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களுக்கும் அப்படி ஒரு வேலை வரும் என்று சென்ற மார்கழிவரை தெரியாது.

நாங்கள் இருவர். ஒரே துறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அருகருகே அமர்ந்து விடைத்தாள் திருத்துபவர்கள். திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பகுதியில், கமலை இறைப்போடு மறைந்துபோன சொற்களைத் திரட்டவேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் எண்ணம். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் காமராசர் அணை, அங்கிருந்து வரும் குடகனாறு, ஆற்றையும் குளத்தையும் நம்பிய நெல்வயல், அவை எட்டாத மேட்டில் கிணற்றை நம்பிய தோட்டம் என்று நீரைச் சுற்றியே அமைந்த நிலம் அது. மின்மோட்டார் வருமுன் அந்தக் கிணறுகளில் எல்லாம் மாடு பூட்டி இறைத்தார்கள். சால், வடம், வால்கயிறு, உருளை, நுகத்தடி என்று தொடங்கும் அந்தச் சொல்லுலகம் இப்போது எண்பதைக் கடந்த சிலருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. கிணறுகள் இருக்கின்றன, கமலைக்கல் நட்ட இடத்தில் மோட்டார் அறை நிற்கிறது.

அப்படி ஒரு பெரியவரை ஆத்தூரில் கண்டோம். பெயர் வேண்டாம்; அவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் மாட்டுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியவர். எங்களைத் தம்பி என்பார். நாங்கள் அவரை ஐயா என்போம். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். பேச்சைப் பதிவுசெய்யக் கூடாது. "எழுதிக்கிறுங்க தம்பி. பேசுறதப் பிடிச்சு மட்டும் வைக்காதீங்க" என்றார். ஒலிப்பதிவுக் கருவி இருக்க எதற்கு இந்தப் பாடு என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே விடை.

எழுதுவதற்கு ஒரு மடிக்கணினி கிடைத்தது. 2011-இல் தொடங்கி அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்று அது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. எங்களிடம் தமிழும் வேறு துறையில் கணினியும் படித்த பழைய மாணவர் ஒருவர், சி மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதி அதிலேயே ஏற்றிக் கொடுத்தார். சொல்லைத் தட்டச்சு செய்யவேண்டும். அடுத்த வரியில் பொருளும் குறிப்பும். எல்லாம் முடிந்தபின் சேமிக்கச் சொன்னால் அகரவரிசைப்படுத்திக் கோப்பில் எழுதிவைக்கும். அதுவரை யாவும் கணினியின் நினைவகத்தில் மட்டுமே நிற்கும். இந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் அமர்வு ஒரு சனிக்கிழமை பிற்பகலில். மூன்று மணிநேரம் பெரியவர் சொல்லச் சொல்ல, ஒருவர் கேட்க, ஒருவர் தட்டச்சு செய்ய, 143 சொற்கள் சேர்ந்தன. சேமிக்கும் விசையை அழுத்தினோம். திரையில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். நிரல் இல்லை, 143 சொற்களும் இல்லை. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாடு படுத்துருச்சா?" என்றார்.

மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "சார், அந்த வரிக்குப் பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள கோர் டம்ப்ட்னு வந்துச்சா?" என்றார். வரவில்லை. "டெர்மினல்ல யூலிமிட், ஓர் இடைவெளி, மைனஸ் சி அடிச்சுப் பாருங்க. என்ன வருது?" பூஜ்யம் என்று வந்தது. "அப்ப ஒண்ணும் மிஞ்சியிருக்காது சார்" என்று சொல்லி, மறுநாள் நேரில் வந்தார்.

அன்று அவர் எங்களுக்கு எடுத்த பாடத்தை, எங்களுக்குப் புரிந்த அளவில் இங்கே சொல்லிவிடுகிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தொட்டால், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் அதைக் கொன்றுவிடும். கொல்லும் கணத்தில் அந்த நிரலின் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு கோப்பாக எழுதிவைக்கவும் அதனால் முடியும். எந்தக் கட்டளையில் நின்றது, எந்த மாறியில் என்ன மதிப்பு இருந்தது, பயனர் தட்டச்சு செய்த எழுத்து எது என்று எல்லாம் அதில் இருக்கும். அதன் பெயர் கோர் டம்ப். பெயரே பழைய காலத்தைச் சொல்கிறது. 1950-களிலிருந்து 1970-கள்வரை கணினியின் நினைவகம் என்பது ஃபெர்ரைட் என்னும் காந்தப் பொருளால் ஆன மிகச் சிறு வளையங்களை நுண்ணிய கம்பிகளில் கோத்த வலை. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். அந்த வளையத்துக்குக் கோர் என்று பெயர். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியின் நினைவகமும் இத்தகையதே. அந்நாளில் நிரல் பழுதாகி நின்றால் வலையில் உள்ளதை எல்லாம் தாளில் கொட்டி அச்சிட்டு எடுத்து, பொறியாளர்கள் வரிவரியாகப் படிப்பார்கள். வளையம் போய்ச் சிலிக்கன் வந்தது. பெயர் மாறவில்லை. 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே கோர் என்னும் கோப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

அந்த வளையங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் கம்பியில் கோத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று அவர் சொன்னபோது, ஆத்தூருக்குப் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்குப் புள்ளி முடிச்சு இடும் கைகள் எங்கள் நினைவுக்கு வந்தன. மாணவர் அதற்கெல்லாம் நிற்கவில்லை.

நாங்கள் பார்த்த பூஜ்யம், இறக்கும் நிரல் விட்டுச்செல்லும் கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கான எல்லை. பூஜ்யம் என்றால் ஒன்றும் விட்டுச்செல்லாதே என்று பொருள். இந்த எல்லை இரண்டு வகை. ஒன்று மென் எல்லை, மற்றது வன் எல்லை. இப்போது நடைமுறையில் இருப்பது மென் எல்லை. அதை வன் எல்லைவரை பயனரே உயர்த்திக்கொள்ளலாம். வன் எல்லையைக் குறைக்க யாராலும் முடியும்; குறைத்ததைத் திரும்ப உயர்த்தச் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. எங்கள் மடிக்கணினியில் மென் எல்லை பூஜ்யம். வன் எல்லை 'அன்லிமிடெட்', அதாவது வரம்பற்றது. முதல்நாளே ஒரு வரி தட்டச்சு செய்திருந்தால் போதும். தட்டச்சு செய்யலாம் என்று தெரியவேண்டுமே!

இன்னொன்றும் சொன்னார். இந்த எல்லை கணினி முழுமைக்கும் பொதுவான ஒன்றன்று. ஒவ்வொரு நிரலும் தன்னைத் தொடங்கிவைத்த தாய் நிரலிடமிருந்து பிறக்கும்போதே பெற்றுவருவது. பிறந்தபின் டெர்மினலில் மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது போய்ச் சேராது. ஓடும் நிரல் எந்த எல்லையோடு பிறந்தது என்று பார்க்க, 'புரோக்' என்னும் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குரிய இடத்தில் 'லிமிட்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் அதிகபட்சக் கோர் கோப்பின் அளவு என்று ஒரு வரி காணப்படும்.

கோப்பு எங்கே, என்ன பெயரில் எழுதப்படும் என்பது வேறோர் அமைப்பு. அதே 'புரோக்' அடைவில் சிஸ், கெர்னல் என்று உள்ளே போனால் 'கோர் பேட்டர்ன்' என்னும் ஒற்றை வரிக் கோப்பு. எங்கள் கணினியில் அதில் 'கோர்' என்ற ஒரே சொல் இருந்தது. அந்தச் சொல்லோடு சில குறிகளைச் சேர்த்தால், இறந்த நிரலின் பெயர், அதன் எண், இறந்த நேரம், கணினியின் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே பொறித்துவிடும். ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் குறிக்கும் நம் வழக்கம்தான் இது என்று மகிழ்ந்தோம். அந்த வரி ஒரு குழாய்க்குறியோடு தொடங்கினால் கெர்னல் கோப்பாக எழுதாமல் இன்னொரு நிரலின் கையில் கொடுத்துவிடும். இன்றைய பல லினக்ஸ் வெளியீடுகளில் இதுவே வழக்கம். அவற்றில் கோப்பைத் தேடினால் அருகில் கிடைக்காது, அந்த நிரலைக் கேட்டே பெறவேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டபின் எங்களுக்குச் சினம் வந்தது. ஏன் பூஜ்யம்? சாகிறவன் ஒரு சொல் சொல்லிவிட்டுச் சாகக்கூடாதா? சுவடியைத் தொலைத்த இனம் நாம். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பரிபாடல் எழுபதில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்கள் மட்டும் இருக்கின்றன, பாட்டு இல்லை. இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிச் சொல்லி வருந்துகிறவர்களிடம், ஒன்றையும் விட்டுவைக்காதே என்பதே இயல்பான அமைப்பு என்று ஒரு பொறி சொன்னால் எப்படி இருக்கும்? மாணவர் பொறுமையாகச் சொன்னார். வட்டு நிறைந்துவிடும் என்பது ஒரு காரணம். "இன்னொண்ணு சார், மெமரில என்னவெல்லாம் இருக்கும்னு நமக்கே தெரியாது. பாஸ்வேர்ட் இருக்கும். யாருக்கோ எழுதின கடிதம் இருக்கும்." அதனால்தான் எழுதப்படும் கோப்பை அதற்குரியவர் மட்டும் படிக்கலாம் என்ற அனுமதியோடு கெர்னல் படைக்கிறதாம். தன்னைத் தொடங்கிய பயனரைவிட மேலான அதிகாரத்தோடு ஓடும் நிரல்களை, எல்லை வரம்பற்றதாக இருந்தாலும், இயல்பு அமைப்பில் கொட்டவே விடாதாம். அப்போது எங்கள் காதில் ஏறவில்லை. எல்லையை வரம்பற்றது ஆக்கிக்கொடுங்கள், எந்நாளும் அப்படியே இருக்கட்டும் என்றோம். செய்துகொடுத்தார்.

மறுவாரம் ஆத்தூருக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி மீண்டும் ஒருமுறை சொல்லும்படி வேண்டினோம். பெரியவர் சிரித்தார். "நேத்துச் சொன்னத இன்னைக்குக் கேட்டா எப்படித் தம்பி? நேத்து வந்த தண்ணி நேத்தே போயிருச்சுல்ல." ஆனாலும் சொன்னார். களப்பணி செய்தவர்களுக்குத் தெரியும், வாய்மொழி இரண்டாம் முறை அப்படியே வராது. முதல்நாள் மாட்டின் நடையைப் பற்றி வரிசையாகச் சொன்ன சொற்களை இம்முறை அவர் தொடவே இல்லை. என்ன என்று நினைவூட்ட எங்களாலும் முடியவில்லை. தட்டச்சு செய்கிறோம் என்ற நம்பிக்கையில் இருவருமே மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு மாறாகக் கிணற்றுப் பங்கைப் பற்றி நிறையச் சொன்னார். முறை என்ற சொல்லுக்கு வந்தார். ஒரே கிணற்றில் பங்காளிகள் இன்ன நாள், இன்ன பொழுது இன்னாருக்கு என்று வகுத்துக்கொண்டு இறைப்பது முறை. அதை விளக்கப் புகுந்தவர், தாமும் தம் அண்ணனும் முறைவைத்து இறைத்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். நான்கு வரிக்கு மேல் இராது. நாங்கள் குறிப்பில் தட்டச்சு செய்துவிட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அத மட்டும் அடிச்சிருங்க தம்பி. பேரப்பிள்ளைக கண்ணுல படக்கூடாது" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தப் பதிவை நீக்கினோம். திரையில் அது மறைந்ததைக் காட்டினோம். சரி என்று தலையசைத்தார். அன்றைய அமர்வு அத்துடன் முடிந்தது. 121 சொற்கள். சேமிக்கச் சொன்னோம்.

மறுபடியும் அதே வரி. இம்முறை பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோர் டம்ப்ட் என்று இருந்தது. அடைவில் 'கோர்' என்னும் பெயரில் ஒரு கோப்பு. எங்களுக்கு வருத்தத்தைவிட மகிழ்ச்சியே மிகுந்தது. மாடு படுத்தாலும் சால் மேலே வந்துவிட்டது.

மாலையில் மாணவரோடு துறை அறையில் உட்கார்ந்தோம். ஜிடிபி என்னும் ஆய்வுக்கருவியில் நிரலையும் கோர் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தார். நிரல் எந்த வரியில் இறந்தது, அந்த வரிக்கு எதெதன் வழியாக வந்தது என்று அது சொல்லிற்று. ஒரு பதிவின் பொருளைத் தேடிப் போனபோது, அது இருக்கும் முகவரி சிதைந்திருந்ததால் தவறான இடத்தைத் தொட்டு இறந்திருக்கிறது. எந்தப் பதிவு என்று கேட்டார். திரையில் வந்த சொல் 'கமலைக்கிணற்றுவடக்கயிறு'.

இங்கே கொஞ்சம் கணக்கு. தமிழாசிரியர்கள் அஞ்சவேண்டாம், எங்களுக்கே புரிந்தது. அந்தச் சொல்லில் பதினான்கு எழுத்துகள். ஒருங்குறியில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் இருபத்திரண்டு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 66 பைட். மாணவர் ஒரு சொல்லுக்கு ஒதுக்கியிருந்த இடம் 64 பைட். அறுபத்துநான்கு எழுத்தில் எந்தத் தமிழ்ச்சொல் இருக்கப்போகிறது என்று நினைத்தாராம். சொல்லின் முதல் இருபத்தொரு குறியீடுகளுக்கு 63 பைட். முடிவைக் காட்டும் வெற்றுப் பைட் ஒன்றையும் சேர்த்தால் 64, மிகச் சரியாக அடங்கியிருக்கும். இருபத்திரண்டாவது குறியீடு, 'கயிறு' என்பதன் ஈற்றில் வரும் உகரம். அதன் முதல் பைட் உள்ளேயும் மற்ற இரண்டும் பக்கத்து அறையிலும் விழுந்திருந்தன. பக்கத்து அறையில்தான் பொருளின் முகவரி இருந்தது. அரை மாத்திரைக்குக் குறைந்து ஒலிக்கும் என்று நாங்கள் பாடம் நடத்தும் குற்றியலுகரம், இருக்க இடமின்றி அடுத்த வீட்டுக்குள் காலை நீட்டி ஒரு நிரலையே சாய்த்துவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று உறைத்தது. பெரியவர் அப்படி ஒரு சொல்லைச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது வடம். நான்கு குறியீடு, பன்னிரண்டு பைட். வடம் என்றால் தேர்வடமும் ஆகும், மணிவடமும் ஆகும், பொருள் மயங்கும் என்று கருதி, நாங்கள் இருவரும் கூடி, புணர்ச்சி விதி பிசகாமல் ஒரு சொல்லைக் கட்டி அவர் வாயில் வைத்திருந்தோம். இரண்டு அமர்விலும் அதையே செய்திருக்கிறோம். முதல்நாள் 143 சொற்களைக் கொன்றது மாணவரின் பிழை மட்டும் அன்று.

இனி மீட்பு. கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்க 'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரு கட்டளை. அதை இயக்கினால் நூற்றுக்கணக்கான ஆங்கிலத் துணுக்குகள் வந்தன. தமிழ் ஒன்றுகூட இல்லை. ஏழு பிட்டில் அடங்கும் எழுத்தையே அது இயல்பாக எழுத்து என்று கொள்ளுமாம். எட்டு பிட் பைட்டுகளையும் எழுத்தாகக் கருது என்று தனியே ஆணையிட்டபின், குப்பைக் குறிகளுக்கு நடுவே நுகத்தடி வந்தது. உருளை வந்தது. வால்கயிறு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக 121 சொற்களும் பொருளோடு வந்தன. அந்த அரைமணி நேரத்தில் எங்களுக்கு இருந்த நிலையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சிந்தாமணியும் பத்துப்பாட்டும் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வுக்கு ஓர் ஏடு கையில் கிடைத்தபோது இருந்த மகிழ்ச்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றிருபத்தொன்றாம் சொல்லுக்குப் பிறகும் ஏதோ வந்தது. தலைப்பில்லாத ஒரு குறிப்பு. முதல் சில எழுத்துகள் செல்லரித்த ஏட்டின் ஓரம் போலச் சிதைந்திருந்தன. மேலே படித்தோம். படித்து முடித்தபின்தான் என்னவென்று தெரிந்தது. பெரியவர் கண்ணெதிரே நாங்கள் நீக்கிய குறிப்பு.

மாணவர் விளக்கினார். நீக்கு என்றால் நிரல் அந்த இடத்தைத் துடைப்பதில்லை. இனி இது காலி, வேண்டுவோர் பயன்படுத்தலாம் என்று குறித்துவைக்கிறது. குறித்துவைப்பதற்கு அந்த இடத்தின் முதல் 16 பைட்டையே எடுத்துக்கொள்கிறது. 'முறை' என்பது 12 பைட் என்பதால் தலைச்சொல் முழுவதும் போயிற்று. குறிப்பில் முதல் ஐந்தாறு குறியீடுகள் மட்டும் போயின. எஞ்சியதெல்லாம், வேறொருவர் வந்து குடியேறும்வரை அப்படியே கிடக்கும். சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்காமல் வேறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பிள்ளைக்கு இருந்த நாகரிகம் எங்களுக்கு ஒரு நிமிடம் பிந்தியே வந்தது.

எல்லையைப் பூஜ்யமாக வைத்தவர்கள் மறதிக்காரர்கள் அல்லர் என்று அன்று விளங்கிற்று. இறப்பவர் தெரிந்து கொடுத்துச் செல்வது ஒன்று. இறந்தவரின் மடியை அவிழ்த்து எடுப்பது வேறொன்று. சுவடிகளைத் தேடியவர்கள் முதலாவதையே தேடினார்கள்; எழுதியவர் பிறர் படிக்கட்டும் என்று எழுதிய நூல்கள் அவை. கோர் கோப்பு அப்படிப்பட்டதன்று. பிறருக்கென்று நிரல் எதையும் தேர்ந்தெடுத்து வைப்பதில்லை. சொன்னதும் சொல்லவேண்டாம் என்றதும் ஒரே தரத்தில் அதில் கிடக்கும். நினைவகத்தின் இன்ன பகுதியைக் கொட்டவேண்டாம் என்று நிரலே முன்கூட்டிக் கெர்னலிடம் சொல்லிவைக்க லினக்ஸில் வழி இருக்கிறது. எந்த வகைப் பகுதிகள் கோப்பில் சேரலாம் என்று வடிகட்டும் அமைப்பும் ஒவ்வொரு நிரலுக்கும் தனியே இருக்கிறது. இதையெல்லாம் முன்பே எண்ணிப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் பூஜ்யத்தைப் பார்த்த மாத்திரத்தில் சினந்து வரம்பற்றது என்று மாற்றச் சொன்னோம்.

121 சொற்களைத் தனிக்கோப்பில் சேமித்தபின் கோர் கோப்பை அழித்தோம். வெறுமனே நீக்கினால் அங்கும் இதே கதைதான் என்பதால், அதன்மேல் வேறு எழுத்துகளை எழுதி அழிக்கும் கட்டளையை மாணவர் பயன்படுத்தினார். அதுவும் எல்லா வட்டிலும் முழுமையான உறுதி தராது என்று சேர்த்தே சொன்னார். நாங்கள் படித்ததை அழிக்கக் கட்டளை இல்லை.

பெரியவரிடம் சொல்வதா, விடுவதா என்று இரண்டு நாள் பேசினோம். ஒருவர் சொல்லவேண்டாம் என்றும் ஒருவர் சொல்லியே ஆகவேண்டும் என்றும் மாறி மாறி வாதிட்டோம். கடைசியில் போனோம். நீக்கியதாகக் காட்டியது நீங்கவில்லை, மீண்டும் எங்கள் கண்ணில் பட்டது, இப்போது அழித்துவிட்டோம் என்று சொன்னோம். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபிப்பார் என்று நினைத்தோம்.

"கெணத்துல போட்டது எங்க தம்பி போகும்? தண்ணி கெடக்குற வரைக்கும் தெரியாது. தூர் வாருனா எல்லாம் மேல வரும்" என்றார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் படிச்சிட்டீக. சரி. வேற ஆரு?" மாணவரைச் சொன்னோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னோம். "அந்தத் தம்பிய ஒருநா கூட்டிட்டு வாங்க" என்றார்.

நிரல் ஏன் இறந்தது என்பதையும் கேட்டார். உகரக் கணக்கை விட்டுவிட்டு, அவர் வடம் என்று சொன்னதை நாங்கள் நீட்டி எழுதியதால் வந்த வினை என்று மட்டும் சொன்னோம். "ஏன், வடம்னா பத்தாதா?" என்றார். போதும் என்று ஒப்புக்கொண்டோம். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டதற்கு, தம் பெயரும் அந்த விவகாரமும் வராமல் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இப்போது நிரல் திருத்தப்பட்டுவிட்டது. சொல்லுக்கு இடம் அதன் பைட் கணக்குப்படி ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு பதிவும் பெரியவர் சம்மதித்த உடனே கோப்பில் எழுதப்படுகிறது. நீக்கினால், இடத்தைக் காலி என்று குறிக்குமுன் உள்ளதைத் துடைத்துவிடுகிறது. ஆத்தூருக்குப் புறப்படுமுன் டெர்மினலில் எல்லையைப் பார்த்துக்கொள்கிறோம். பூஜ்யம் என்று இருக்கவேண்டும். மாணவர் தம் வீட்டில் நிரலைச் சோதிக்கும்போது வரம்பற்றதாக வைத்துக்கொள்கிறார். அங்கே அவர் உள்ளிடுவதெல்லாம் அவரே புனைந்த சொற்கள். ஒரே அமைப்பு ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் தவறு. எதற்கு எது என்று நிரல் பிறக்குமுன்பே பார்த்துவைக்கவேண்டும். இறந்தபின் பார்த்துப் பயனில்லை.

முதல்நாள் சொற்களில் மாட்டின் நடையைப் பற்றியவை இன்றுவரை திரும்பவில்லை. பெரியவருக்கும் வரவில்லை. பட்டியலில் அந்த இடத்தில், பழைய பதிப்புகளில் ஏடு சிதைந்த இடத்தைக் காட்டுவதுபோல, ஒரு வரி முழுக்கப் புள்ளி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் தேடிப் பார்க்கட்டும். வடம் என்பதற்கு எதிரே வடம் என்றே இருக்கிறது. முறை என்னும் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது, குறிப்பு இல்லை. அங்கே புள்ளி வைக்கவில்லை.